எமன் ஆபீஸ் போன்

“எடுடா அதை வெளியில!”

பெரியவள் போட்ட சத்தத்தில், அப்பாவின் சட்டைப் பைக்குள் போன சின்னவனின் கை அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. காலையில் செய்தித்தாளில் குறுக்கெழுத்தைப் போட்டு முடித்து, “கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்” என்று பால்கனி நாற்காலியில் சாய்ந்தவர். மூடியது மூடியதுதான். எண்பத்தேழு வயது. நீலச் சட்டையில், ஒரு ஜோக் சொல்லிவிட்டு எதிராளி எப்போது சிரிப்பான் என்று காத்திருக்கிற முகத்தோடு படுத்திருந்தார்.

“கத்தாதேக்கா. அப்பாவோட சிகரெட் பாக்கெட்தான். டிராயர்ல இருந்துச்சு. அவரோடயே போகட்டுமேன்னு...”

“அந்தச் சனியன் அவரோட போகக் கூடாது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது.”

“போறது அவரு. நடுவுல உன் உயிரு எங்க வந்துச்சு?”

ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, அவசரமாக அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அப்பாவைப் பார்க்க வந்த கூட்டமே அப்படி. உள்ளே வரும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவரைப் பற்றி ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் போச்சு, பத்தாவது நிமிஷம் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். அப்படி ஒரு மனிதர். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி, பத்திரமாகக் கீழே இறக்கியிருக்கிறார்.

பெரியவள் பாக்கெட்டைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த மூன்று அங்குல அட்டைப் பெட்டிக்கும் இருபத்தேழு வருஷத்துப் பகை. அதைச் சொல்லாமல் கதை நகராது.

அவளுக்கு வேலை ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில். சின்னக் கம்பெனிதான். இன்னார் இன்றைக்குச் சாவார் என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் அறுபது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரை நிறுத்தினால், அடுத்த பிறந்தநாளுக்குள் எத்தனை பேர் குறைவார்கள் என்று புள்ளி வைத்துச் சொல்லிவிடுவாள். அதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஒன்றில்லை, இரண்டு. புகைக்கிறவர்களுக்குத் தனி, புகைக்காதவர்களுக்குத் தனி. புகைக்காதவர்கள் அட்டவணையில் ஒருவர் போகிற இடத்தில் மற்றதில் இரண்டு பேர் போவார்கள். அதனால் புகைக்கிறவர்களுக்கு பிரீமியம் கூட. அவர்கள் சாவுக்கென்று கம்பெனி முன்கூட்டியே எடுத்து வைக்கிற ரிசர்வும் கூட.

வேலையில் சேர்ந்த முதல் மாதம், பழைய காலண்டரின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் வரைந்து அப்பாவிடம் காட்டினாள். ஒன்று சீக்கிரம் சரிந்தது, ஒன்று நிதானமாகச் சரிந்தது.

“இது நீங்க. இது, நீங்க சிகரெட்டை விட்டுட்டா இருக்கப்போற நீங்க.”

அப்பாவுக்கு அப்போது அறுபது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு கோட்டையும் பார்த்தார். ரிசர்வ் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னாள். “ஓ, மிச்சக் கயிறா? லிஃப்டைத் தூக்க ஒரு கயிறு போதும், நாங்க அஞ்சாறு போடுவோம். அதானே? புரிஞ்சுடுச்சு” என்றார். பிறகு காலண்டரைத் தள்ளிவிட்டு, ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்து, வீடே கேட்கிற மாதிரி, “உன் கோட்டை நான் தாண்டிக் காட்டறேன் பாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.

சில மாதம் கழித்து அவள் கம்பெனியிலேயே ஒரு பாலிசி எடுத்தார். படிவத்தைப் பெரியவள்தான் நிரப்பினாள். புகைப்பீர்களா என்ற கேள்வி வந்ததும், “ஆமான்னு எழுது. பெரிய எழுத்துல எழுது” என்றார். எழுதினாள். அப்பா அந்த அட்டவணைக்குள் போனார்.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு போன். எடுத்ததும் அப்பா அம்மாவிடம், “எமன் ஆபீஸ் போன் வந்தாச்சு” என்பது இவளுக்கே கேட்கும்.

“இன்னிக்கு எத்தனை?”

“மூணு.”

“சத்தியமா?”

“சரி, நாலு.”

அவ்வளவுதான், ஆரம்பித்துவிடுவாள். நுரையீரல், இதயம், ரத்தக் குழாய் என்று ஒன்று விடாமல் எடுத்துப் போட்டு, மூச்சு வாங்குகிற வரைக்கும் திட்டுவாள். அப்பா “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவள் ஓய்ந்ததும், “சரி, உன் முட்டி வலி எப்படி இருக்கு? அந்த தசமம் இன்னிக்கு என்ன சொன்னான்?” என்பார். தசமம் என்பது அவளுடைய மேலதிகாரிக்கு அப்பா வைத்த பெயர். எதையும் புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இல்லாமல் பேசமாட்டார் அந்த மனிதர். அங்கே பிடித்தால் பேச்சு எங்கெங்கோ போய், குக்கர் விசில் அடித்த பிறகுதான் போனை வைப்பார்கள்.

குடும்ப டாக்டர் வேறு ஒவ்வொரு பரிசோதனையிலும், “நெஞ்சு பளிச்சுன்னு இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் நம்பவில்லை. டாக்டரை மாற்றினாள். புது டாக்டரும் அதையே சொன்னார். இந்தக் காலத்தில் ஒருத்தருக்கும் பொறுப்பில்லை என்று அலுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வருஷமும், “இன்னும் இருக்கேனே! உன் அட்டவணை என்ன சொல்லுது?” என்று அப்பா சிரிப்பார். அவளால் சிரிக்க முடியாது. நேரம் கெட்ட நேரத்தில் போன் அடித்தால், அப்பாவுக்குத்தான் ஏதோ என்று ஓடிப்போய் எடுப்பாள். கம்பெனி பணத்தை எடுத்து வைத்தது. அவள் அழுகையை எடுத்து வைத்தாள். ஒரு பெரிய கூட்டத்தையே கணக்குக் காட்டி மசிய வைக்கத் தெரிந்தவளுக்கு, ஒரே ஒரு மனுஷனை மசிய வைக்க முடியவில்லை. அந்தத் தோல்வியின் அட்டைப் பெட்டிதான் இப்போது அவள் கைக்குள் இருந்தது.

“குடுக்கா அதை,” என்றான் சின்னவன். அவனுக்கும் கண் சிவந்திருந்தது. “உயிரோட இருந்தப்போதான் நிம்மதியா ஒண்ணு பிடிக்க விடல நீ. தினம் போன் பண்ணிப் பண்ணி மனுஷனைப் பிடுங்கி எடுத்த. போகும்போதாவது விடேன்.”

சின்னவன் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அது போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்துவிட்டது. காலையில் செய்தி வந்ததிலிருந்து, காரில் வந்த வழியெல்லாம், அவள் நெஞ்சுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததே அதுதான். இத்தனை வருஷமாக ஒரு மனிதரைச் சாயங்காலமானால் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். பலனும் இல்லை. அவருடைய சாயங்காலங்களை எல்லாம் நான் கெடுத்தேனா? ஆறு மணி அடித்தால், ஐயோ போன் வரப்போகிறதே என்று இருந்திருக்குமா அவருக்கு?

இனி யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவர் நீலச் சட்டையில் படுத்திருந்தார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இந்தா,” என்று பெரியவள் பாக்கெட்டை நீட்டினாள். “பையில மட்டும் வைக்க வேண்டாம். பின்பக்கம் போய் எல்லாரும் சேர்ந்து பிடிச்சுத் தீர்த்துடுங்க, அவர் பேரைச் சொல்லி. நான் ஒண்ணும் சொல்லல.”

பின்கட்டுக்குப் போனது நாலு பேர். சின்னவன், அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பழைய மெக்கானிக்குகள், இரண்டு வீடு தள்ளிக் கடை வைத்திருக்கும் தையல்காரர். பெரியவளும் போய்ச் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். பார்த்துவிடுவது என்று ஒரு வீம்பு.

தையல்காரர் பயபக்தியோடு ஒன்றை உருவினார். “அவர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். ஒண்ணு குடுத்ததில்ல. கடைக்காரன்கிட்ட வாங்கிக்கோய்யான்னுடுவாரு. சரியான கஞ்சன்னு நெனச்சிருக்கேன். கடைசியில குடுத்துட்டாரு பாருங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பற்றவைத்து, ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

அடுத்த கணம் அவர் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலாயிற்று. இருமினார், குனிந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார். சின்னவன் முதுகைத் தட்டினான்.

“தண்ணி... தண்ணி குடுங்கப்பா... சிகரெட்டா இது? பழைய துடைப்பத்தைக் கொளுத்தின மாதிரி இருக்கு!”

மெக்கானிக் ஒருவர் இன்னொன்றை எடுத்து விரலால் உருட்டினார். காகிதம் மஞ்சளடித்துப் போயிருந்தது. புகையிலை பொலபொலவென்று கொட்டியது. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த மாதிரி அட்டை இப்போ வர்றதே இல்லையேம்மா. மாத்தி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு.”

“அப்போ இது பழசு. புதுசு வேற எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கார்,” என்றாள் பெரியவள். தினம் மூன்று என்றால் மாதத்துக்கு எத்தனை பாக்கெட், அதைப் போய் எங்கே வைப்பார்? கணக்குப் போடும் புத்தி சாவு வீட்டிலும் சும்மா இருக்குமா? விடுவிடுவென்று கூடத்துக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு, காதோடு கேட்டாள்.

“அம்மா, அப்பா சிகரெட்டை எங்க வெப்பார்?”

அம்மாவின் தோள் குலுங்கியது. குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மேலும் மேலும் குலுங்கியது. எதிர் வீட்டு அம்மாள் ஓடிவந்து, “அழுங்க, நல்லா அழுதுடுங்க, அடக்காதீங்க” என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அம்மா முந்தானையை எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எங்கயும் இல்லடி,” என்றாள் அம்மா, மூச்சு வாங்க. “அவர்தான் விட்டுட்டாரே.”

“எப்போ?”

“நீ கோடு போட்டுக் காட்டின மறுநாள்.”

பெரியவளுக்குப் புரியவில்லை. பேச்சு காதில் விழுந்தது. மண்டைக்குள் ஏற நேரம் பிடித்தது.

“குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதியே,” என்றாள் அம்மா. “தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சியாக்கும். தெருவுக்கே கேட்டுச்சு. அவர் ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தார். காலைல எழுந்து, இனிமே வேண்டாம்னார். விட்டுட்டார். ஒரு வாரம் மனுஷன் என்கிட்ட எரிஞ்சு விழுந்தார் பாரு, நானே ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமான்னு இருந்துச்சு.”

“அப்போ ஏன் சொல்லல? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“தாண்டிக் காட்டறேன்னு எல்லார் முன்னாடியும் ஜம்பம் அடிச்சாச்சே. எப்படிச் சொல்லுவார்? பாலிசி படிவத்துக்காக நீ கேட்டப்போகூட வாயில வரல. சரி, கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்னார். நீ ஊருக்குப் போன. முத நாள் போன் பண்ணி, எத்தனைன்னு கேட்டுக் கிழிச்ச. வெச்சதும் நான் சொன்னேன், நாளைக்காவது உண்மையைச் சொல்லிடுங்க, புள்ள தவிக்குதுன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘சொல்லிட்டா நாளான்னிக்கு எதுக்கு போன் பண்ணுவா?’ன்னார்.”

பெரியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் மாசா மாசம் வந்தப்போ மாடியில கையில வெச்சுக்கிட்டு நிப்பாரே! நானே பார்த்திருக்கேனே!”

“கையில பார்த்த. வாயில பார்த்தியா?”

பார்த்ததில்லை. திட்டுகிற வேகத்தில் அதை எங்கே கவனித்தாள்.

“பத்த வெச்சு மாடிச் சுவர் மேல வெச்சிடுவார். அது பாட்டுக்கு எரிஞ்சு முடியும். அவருக்கும் முட்டி வலி வந்து மாடி ஏற முடியாமப் போனதும் அதுவும் நின்னுடுச்சு. நீ வர்ற வண்டிச் சத்தம் கேட்டா, ஒரு தீக்குச்சியை உரசி ஊதி அணைப்பார். அந்த வாசத்துக்கே நீ வாசல்லயே ஆரம்பிச்சிடுவ. உள்ள உக்காந்து எனக்குக் கண்ணடிப்பார். ஆறு அடிக்கக் காத்துக்கிட்டு இருப்பார்டி. ஒருநாள் நீ மீட்டிங்னு லேட் பண்ணினா, போன் ரிப்பேரான்னு எடுத்து எடுத்துப் பார்ப்பார்.”

பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம். என்ன மனுஷன் இவர்! அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அழுகை என்றுதான் நினைத்து வாயைத் திறந்தாள். வெளியே வந்தது சிரிப்பு. ஒரு முறை வெளியே வந்ததும் நிற்கவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எதிர் வீட்டு அம்மாள் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் இரண்டு முதுகையும் மாறி மாறித் தடவினாள்.

அந்த நேரம் பார்த்து, கையில் வெள்ளைப் பூக்களோடு தசமம் வந்து சேர்ந்தார். இருவரையும் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு செய்திருப்பார்.

“சார்,” என்றாள் பெரியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நம்ம டேபிள்ல ஒரு தப்பு இருக்கு சார்.”

அவர் முகம் மாறியது. பூக்களைக்கூட இன்னும் வைக்கவில்லை. “எந்த டேபிள்?”

“புகைக்கிறவங்க டேபிள். எண்பத்தஞ்சுக்கு மேல.”

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த வயதில், அந்த அட்டவணையில் அவர்கள் கம்பெனிக்கு இருந்ததே கைவிரலுக்குள் அடங்குகிற ஆட்கள். அதில் சாகாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்த ஒருவர் இவள் அப்பா. போன வருஷம்தான், வயசான புகைக்காரர்கள் நினைத்ததைவிடக் கெட்டியாக இருக்கிறார்களே, ரிசர்வைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று இருவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நல்ல வேளை, குறைக்கவில்லை.

பெரியவள் விஷயத்தைச் சொன்னாள். தசமம் வாயைத் திறந்தபடி கேட்டார். புகைப்பதில்லை என்று பொய் சொல்கிறவனைப் பிடிக்க அவர்கள் ஆபீஸில் ஏற்பாடு உண்டு. எச்சிலைச் சோதித்தே கண்டுபிடித்துவிடுவார்கள். புகைக்கிறேன் என்று பொய் சொல்கிறவனைப் பிடிக்க எந்த ஆபீஸிலாவது ஏற்பாடு இருக்குமா? அப்படி ஓர் ஆள் இருப்பான் என்று யார் கண்டது?

“மீதி ஆளுங்கள்ல எத்தனை பேர் இப்படியோ?” என்றார் தசமம் மெதுவாக.

“அவங்க வீட்லயும் ஒரு பொண்ணு தினம் போன் பண்ணிட்டு இருந்தா, சந்தேகப்படணும் சார்.”

தசமம் சிரித்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் பல்லை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். பூக்களை அப்பாவின் காலடியில் வைத்து, தலை குனிந்து நின்றார். திரும்பும்போது, “இவரை அந்த டேபிள்ல இருந்து இந்த டேபிளுக்கு மாத்தினா, கூடுதலா எடுத்து வெச்சதெல்லாம் ரிலீஸ் ஆயிடும்மா” என்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான். அது எவ்வளவு சரியாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

பின்கட்டிலிருந்து வந்த சின்னவனுக்கும் விஷயத்தைச் சொன்னார்கள். அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான், “அப்போ இத்தனை வருஷம் கூடுதலா பிரீமியம் கட்டினாரேம்மா, அதைத் திருப்பிக் கேக்க முடியாதா?”

“போடா,” என்றாள் அம்மா. “அது உங்கக்கா போனுக்குக் கட்டினது.”

வண்டி வந்தது. கிளம்பும் முன், பெரியவள் டிராயரிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவந்து, நீலச் சட்டையின் பைக்குள் தானே வைத்தாள். பையைத் தட்டிவிட்டாள். “தாண்டிட்டீங்கப்பா” என்று அவர் காதருகே சொன்னாள். சொல்லும்போது நன்றாகவே அழுதாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, வாடகை நாற்காலிகளைச் சின்னவன் அடுக்கிக்கொண்டிருந்தான். பெரியவள் காற்றாட மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரின் மேல், ஒரே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் பழுப்பாகச் சின்னச் சின்னத் தழும்புகள். மாதத்துக்கு ஒன்று. இத்தனை வருஷம் அந்தச் சுவரில் கை ஊன்றி நின்றுதான் திட்டியிருக்கிறாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. கை தானாக போனை எடுத்தது, தானாக அந்த எண்ணை அழுத்தியது. அடிக்க ஆரம்பித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. கீழே கூடத்தில் அப்பாவின் போன் அடிப்பது படிக்கட்டு வழியாகக் கேட்டது. வைத்துவிடலாம் என்று அவள் விரலை நகர்த்துவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

“எமன் ஆபீஸா?” என்றாள் அம்மா.

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“இன்னிக்கு எத்தனை?”

அந்தப் பக்கத்திலிருந்து சின்னவன் நாற்காலி அடுக்கும் ஓசை மட்டும் வந்தது.

“மூணு,” என்றாள், வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைத் தொட்டுக்கூடப் பார்த்திராத அம்மா.

“சத்தியமா?”

“சரி, நாலு.”

பெரியவள் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, திட்ட ஆரம்பித்தாள்.